குவைத்துக்கும் கலவானவுக்கும் ஒரே தூரம்

இரத்தினபுரி பஸ் நிலையத்துத் தேநீர்க்கடையில் மூன்று பேர்தான் இருக்கிறோம்: நான், எல்லாரும் 'நானா' என்று கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரர், வெற்றிலை மெல்லும் ஒரு சிங்கள அம்மா. மழையில், ஊருக்குப் போகும் கலவான பஸ்ஸைக் காணோம். காலையில் கட்டுநாயக்கவில் மகளின் பிளேன் கிளம்பும்வரை நின்றுவிட்டு வருகிறேன். வீட்டு வேலைக்குக் குவைத் போகிறாள்.

"குவைத்து எம்புட்டுத் தூரம் நானா?"

"அஞ்சு மணித்தியாலம். நீங்களும் காலையிலேர்ந்து அவ்வளவு நேரமாத்தானே வாறீங்க? புள்ள ஒங்களுக்கு முந்தி எறங்கிடும்!" சிரிக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனவர் போய்ச் சேரும்வரை வீடு கூட்டக் கூடாதென்று, தோட்டத்து லய வீட்டில் என் மனைவி விளக்குமாற்றைத் தொடாமல் உட்கார்ந்திருப்பாள். எதிரே மலை முழுக்க வெள்ளை மூட்டம். அதற்குள் மகள் போய்க்கொண்டிருப்பது போலவும், பக்கத்து இருக்கையில் நானும் இருப்பது போலவும் தோன்றுகிறது. வானத்தில் பஞ்சர் ஆகாது என்று தெரியும். இருந்தும் பயம்.

போன் அடிக்கிறது. "அப்பா, எறங்கிட்டேன்!"

உடனே போனில் மனைவியைக் கூப்பிடுகிறேன். "புள்ள போய்ச் சேந்துருச்சு. இனி வீட்டைக் கூட்டு."

"எப்படிங்க கூட்டுறது?" என்கிறாள். "நீங்க இன்னும் வந்து சேரலையே."