மாடி அறைக்கு நான் வாங்கிய ஜன்னல்

எங்கள் வீட்டு மாடி அறையில் மூன்று பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஒரகடத்துத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்கள். இரவு ஷிப்ட் வாரங்களில் காலையில் திரும்பி, பகலில்தான் தூங்க வேண்டும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

போன கோடையில் வீட்டின் மர ஜன்னல்களைக் கரையான் அரித்துவிட்டது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாருக்குப் பொழுது போக வேண்டுமே, ஆள் வைக்காமல் நானே மாற்றிவிடுவது என்று இறங்கினேன். கைப்பேசியில் காணொளிகள் பார்த்து, துளைபோடும் மெஷின், ரசமட்டம், சிலிக்கான் பசை எல்லாம் சேர்த்தேன். சுங்குவார்சத்திரத்துக் கடையில் அலுமினிய ஜன்னல்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, என் அறைக்குக் கொசுவலை வைத்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். மாடிக்கும் அதே போல வாங்குவதாகத்தான் இருந்தேன்.

மறுநாள் டீக்கடையில் ஒருவர் கேட்டார்: "இன்னா சார், சாயங்காலமானா உங்க வூட்டு மாடியில படம் ஓடுதாமே? டிக்கெட்டு எவ்ளோ?"

அந்தப் பெண்கள் ஜன்னலோரம் நின்று போனில் பேசுவதைத்தான் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே சிக்னல் கிடைக்காது, அங்கே நின்றுதான் ஊருக்குப் பேச முடியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நேரே கடைக்குப் போய், மாடிக்கு மட்டும் திறக்கவே முடியாதபடி சட்டத்தில் பதித்த கறுப்புக் கண்ணாடி கேட்டேன்.

"படுக்கிற ரூமுக்கா சார்? அடைச்சாப்ல இருக்குமே" என்றார் கடைக்காரர்.

"சேஃப்டிக்கு" என்றேன்.

மனைவி அதைப் பார்த்ததும், "உங்க ரூமுக்கு மட்டும் காத்து வரணும். அதுங்களுக்கு இன்னா, மீன்தொட்டியா?" என்றாள். பெண்கள் இருக்கும் இடம், உனக்குத் தெரியாது என்று அவள் வாயை அடைத்தேன்.

சில நாட்களில், மூவரில் மூத்தவள் கீழே இறங்கி வந்தாள். "தாத்தா, ஒரு பக்கமாச்சும் தொறக்குத மாதிரி வச்சிருக்கலாம்லா? பகல்ல படுக்க முடியல, வேவுது. லைன்ல கண்ணு சொக்குதுன்னு சூப்பர்வைசர் ஏசுதாரு."

"ஃபேன் இருக்குல்ல? உங்க நல்லதுக்குத்தாம்மா வெச்சிருக்கேன்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு மேலே போனாள்.

அதற்குப் பிறகு ஒரு நண்பகலில் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மேலே ஏறினேன். மூன்று பேரும் மாடிப்படித் திருப்பத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சிமென்ட் தரையில் தண்ணீர் ஊற்றி, யூனிஃபார்மை மடித்துத் தலைக்கு வைத்திருந்தார்கள். கடைசிப் பெண் காலை நீட்ட இடமில்லாமல் சுவரில் சாய்ந்தபடியே உறங்கினாள். என் செருப்புச் சத்தத்தில் மூத்தவள் பதறி எழுந்தாள்.

"ஈரத்தைத் தொடச்சிருதோம் தாத்தா, படி பாழாவாது."

நான் தொட்டியைப் பார்க்கவில்லை. அவர்களுடைய அறைக்குள் போய் நின்றேன். கறுப்புக் கண்ணாடி வெயிலையெல்லாம் வாங்கி உள்ளே இறக்கிக்கொண்டிருந்தது. மின்விசிறி அந்த அனலைத்தான் சுழற்றியது. சற்று நேரத்தில் பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது. இந்த அறையில் தூங்கச் சொல்லிவிட்டு, நான் கீழே கொசுவலை ஜன்னல் காற்றில் மதியத் தூக்கம் போட்டுக்கொண்டிருந்தேன்.

பிளேடை எடுத்துவந்து, நானே பூசிய சிலிக்கானை அறுக்க ஆரம்பித்தேன். மூத்தவள் வாசலில் வந்து நின்றாள்.

"எதுக்குத் தாத்தா எடுக்கீங்க? டீக்கடையில திரும்பவும் பேசுவாங்கல்லா. உங்களுக்குத்தான் சங்கடம்."

முதல் நாளிலிருந்தே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நல்லதுக்குத்தான் என்று நான் சொன்னபோது, பொய் என்று தெரிந்தே தலையாட்டியிருக்கிறாள்.

பேசட்டும் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் கண்ணாடி சட்டத்தைவிட்டு நழுவியது. அவள் ஓடிவந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். அவளை நிமிர்ந்து பார்க்க முடியாமல், கண்ணாடியையே பார்த்தபடி இறக்கி வைத்தேன்.