நல்ல தண்ணீர் கேட்ட தலை

அம்மாவின் தலையிலிருந்து வெள்ளையாக ஏதோ உதிர ஆரம்பித்தபோது எங்கள் வீட்டில் யாரும் கவலைப்படவில்லை. எண்ணூரில் தலையில் வெள்ளையாக ஒன்றும் இல்லாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். காற்று திரும்பினால் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் இருக்கும் பக்கமிருந்து சாம்பல் வரும். கொடியில் காயும் துணி, மூடாமல் வைத்த குழம்பு, வாசலில் படுத்திருக்கும் நாய் என்று பாரபட்சம் பார்க்காமல் எல்லாவற்றின் மேலும் உட்காரும். அம்மாவின் தோளில் கிடந்ததும் அதுதான் என்று முடிவு கட்டிவிட்டோம்.

சாம்பல் என்றால் கழுவினால் போகும். அதனால் அம்மா தினமும் தலைக்கு ஊற்றத் தொடங்கினாள். போர் தண்ணீரை ஆவி பறக்கச் சுடவைத்து, துணி துவைக்கிற சோப்பைப் போட்டுத் தேய்த்துக் குளிப்பாள். எங்கள் போர் தண்ணீர் வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். அது நின்ற பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளையாகப் படிந்து, செங்கல்லால் தேய்த்தாலும் போகாது. பக்கெட்டை அந்தப் பாடு படுத்துகிற தண்ணீர் தலையை என்ன செய்யும் என்று எங்கள் நான்கு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தம்பியை விட்டுவிடலாம், அவனுக்கு மூன்று வயது. ஊற்ற ஊற்ற வெள்ளை அதிகமானது. அதிகமானதும் அம்மா இன்னும் சூடாக ஊற்றினாள்.

அம்மாவின் முடி இடுப்பைத் தாண்டித் தொங்கும். அப்பா எதையும் வாய்விட்டுப் பாராட்டுகிறவர் இல்லை. குழம்பு நன்றாக இருந்தால் இன்னொரு கரண்டி கேட்பார், அவ்வளவுதான். ஆனால் அம்மா வாசல்படியில் உட்கார்ந்து முடியைக் காயவைக்கும்போது கையிலிருக்கும் போனைக் கீழே வைத்துவிடுவார்.

அம்மா ஒரு மெஸ்ஸில் சமையல் செய்தாள். கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கும் சாலையோரம், ஒப்பந்தத் தொழிலாளர்கள் சாப்பிடும் இடம். அடுப்பும் பரிமாறுவதும் அவள் பொறுப்பு. மதியம் மிஞ்சும் சோறும் குழம்பும் தூக்குச் சட்டியில் எங்களுக்கு வரும். ஒருநாள் ஒரு ஆள், அம்மா குனிந்து சாம்பார் ஊற்றும்போது தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டானாம். மெஸ் நடத்திய அம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். பள்ளி விட்டு நான் தூக்குச் சட்டி வாங்கப் போயிருந்த நேரம், என்னை வைத்துக்கொண்டே சொன்னாள்.

“இன்னாமே, தலைல மாவு கொட்டிகினு வந்துக்கீற? சோத்துல வுழுந்தா எவன் துன்னுவான்? ஒரு மாசம் பாக்குறேன். சரியாவலன்னா பின்னாடி பாத்திரம் தேய்க்கப் போ.”

பாத்திரம் தேய்க்கிறவர்களுக்குத் தூக்குச் சட்டி கிடையாது. எனக்கு அப்போது ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. வேறு எது புரிந்ததோ இல்லையோ, இரவுச் சாப்பாடு போய்விடும் என்பது நன்றாகப் புரிந்தது.

அது சாம்பல் இல்லை, பொடுகு என்று தெருவில் தீர்ப்பானது. எண்ணெய் வைத்தால் பொடுகு ஊறும் என்றார்கள். எண்ணெய் நின்றது. எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்க்கச் சொன்னார்கள். வைத்தியர் வேலை எனக்குக் கிடைத்தது. தினமும் சாயங்காலம் அம்மா தரையில் உட்காருவாள். நான் பின்னால் முட்டி போட்டு நின்று, வகிடு வகிடாகப் பிரித்துப் பழத்தைத் தேய்ப்பேன். பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருப்பதை நகத்தால் சுரண்டி எடுப்பேன். அந்த வேலையில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. எவ்வளவு சுரண்டுகிறேனோ அவ்வளவு சீக்கிரம் குணமாகும் என்று நம்பினேன்.

“எரியுதாம்மா?”

“எரிஞ்சாத்தான் கண்ணு போவும். நல்லா தேய்.”

அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும். சாறு கண்ணில் இறங்கிவிட்டது என்று நினைத்து முந்தானையால் துடைத்துவிடுவேன். துடைத்துவிட்டு மறுபடி தேய்ப்பேன்.

இரண்டு வாரத்தில் தலை சிவந்து, அங்கங்கே வெடித்துவிட்டது. அப்பாதான் அரசு ஆஸ்பத்திரிக்குத் துரத்தினார். நானும் போனேன். அங்கே இருந்த டாக்டர், அக்கா என்று கூப்பிடுகிற வயதுப் பெண். செல்போன் வெளிச்சத்தை அடித்து அம்மாவின் தலையைப் பிரித்துப் பார்த்தாள். முகம் சுளித்தாள்.

“இது பொடுகு இல்லம்மா. பொடுகுன்னா எண்ணெய்ப் பிசுக்கோட, மஞ்சளா, பெருசா உதிரும். உங்களுக்குத் தோல் காஞ்சு போய்க் கிடக்கு. வெறும் வறட்சிதான். அதை யாரு இப்படிப் புண்ணாக்கினது?”

“நாந்தான் டாக்டர். அரிப்பு தாங்கல” என்றாள் அம்மா.

நான் விரல்களை மடக்கிப் பாவாடைக்குள் வைத்துக்கொண்டேன். டாக்டர் திட்டியது அம்மாவைத்தான், என்னை இல்லை. அதில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இன்றைக்கு நினைத்தால் கூசுகிறது.

டாக்டர் சொன்ன வைத்தியம் சுலபமானது. தினமும் தலைக்கு ஊற்றக் கூடாது, வாரத்துக்கு இரண்டு முறை போதும். கொதிக்கிற தண்ணீர் ஆகாது. எலுமிச்சை, சோப்பு, நகம் மூன்றும் தலைப்பக்கம் வரக் கூடாது. புண் ஆற ஒரு களிம்பு. அது ஆறிய பின் குளிப்பதற்கு முன்னால் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். கடைசியாக, போகிற போக்கில், உப்புத் தண்ணீர் வேண்டாம், நல்ல தண்ணீரில் குளியுங்கள் என்றாள். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டியது போல இதற்கும் ஆட்டினாள்.

நல்ல தண்ணீர் எங்கள் தெருவுக்கு லாரியில் வரும். ஒரு நாள் விட்டு ஒரு நாள். வீட்டுக்கு ஆறு குடம், அதில்தான் குடிப்பதும் சமைப்பதும். அம்மாவின் முடியை அலசி எடுக்க இரண்டு குடம் வேண்டும். ஒரே ஒரு முறை அப்பா பிடிவாதம் பிடித்து இரண்டு குடத்தைத் தனியாக எடுத்து வைத்தார். அன்று சாயங்காலம் அம்மா ஒரு தடவைகூடத் தலையைச் சொறியவில்லை. மறுநாள் தோளிலும் வெள்ளை குறைந்திருந்தது. எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்துப் பேசிய நாள் அது.

ஆனால் அடுத்த முறை லாரி வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. தம்பிக்குக் குடிக்கத் தண்ணீர் கேட்டு அம்மாவும் நானும் பக்கத்து வீட்டு வாசலில் சொம்போடு நின்றோம். அந்த வீட்டுக்காரி ஊற்றினாள், ஊற்றும்போதே சொன்னாள்: “குடிக்கிற தண்ணில தல குளிச்சா இப்டித்தான் நிக்கணும்.” அம்மா சொம்பை வாங்கிக்கொண்டு திரும்பினாள். அதன் பிறகு நல்ல தண்ணீரைத் தலைக்கு எடுக்கவே இல்லை. வெள்ளை திரும்பி வந்தது. மெஸ் அம்மாள் கொடுத்த ஒரு மாதத்தில் நான்கைந்து நாள்தான் பாக்கி இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா காபி குடித்துவிட்டுத் தனியாகக் கிளம்பினாள். மதியச் சோறு வடிப்பதற்குள் திரும்பி வந்தாள். முடி இல்லை. மொட்டைத் தலையில் சந்தனம் பூசியிருந்தது. தம்பி அவளைப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதான். திருத்தணிக்குப் போய் வந்ததாகச் சொன்னாள், என் படிப்புக்காக வேண்டிக்கொண்டாளாம். எண்ணூரிலிருந்து திருத்தணிக்குப் போக மட்டுமே அரை நாள் ஆகும். கணக்கில் நான் நல்ல மார்க் வாங்குகிறவள்தான். இந்தக் கணக்கை மட்டும் போட்டுப் பார்க்கவில்லை.

அப்பா அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார்.

“ஒரு வார்த்த சொல்லிக்கலாம்ல?”

“மொட்டைக்கு ஒரு சொம்பு நல்ல தண்ணி போதும்யா. வேற இன்னா பண்ணச் சொல்ற?”

இது என் காதில் விழுந்தது. ஆனால் பெரியவர்கள் தண்ணீரைப் பற்றிப் பேசாத நாள் எங்கள் வீட்டில் கிடையாது. என் படிப்புக்காக அம்மா முடியையே கொடுத்திருக்கிறாள் என்ற பெருமையில் நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடினேன்.

மெஸ்ஸிலும் அது எடுபட்டது. மெஸ் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாளாம். சாமிக்கு முடி கொடுத்தவளைப் பின்கட்டுக்கு அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. அம்மா தினமும் ஒரு சொம்பு நல்ல தண்ணீரில் தலையைத் துடைத்து எண்ணெய் தடவினாள். புண் ஆறியது. தூக்குச் சட்டி தொடர்ந்து வந்தது. அப்பா மட்டும் சாயங்காலங்களில் வாசல் பக்கம் உட்காருவதை விட்டுவிட்டார்.

மூன்று மாதத்தில் முடி இரண்டு விரல் அளவுக்கு வளர்ந்தது. சொம்புத் தண்ணீர் போதவில்லை. வேர்க்காலில் மறுபடி வெள்ளை தெரிந்தது. அம்மா வேலைக்குப் போகும்போது தலையில் துண்டு கட்ட ஆரம்பித்தாள். வேண்டுதல் முடிந்த பிறகு எதற்குத் துண்டு என்று மெஸ் அம்மாள் கேட்கத் தொடங்கியிருந்தாள். அம்மா அடுப்பின் முன்னால் உட்கார்ந்து எதையோ யோசித்தபடியே இருப்பாள், கூப்பிட்டாலும் காதில் விழாது.

அப்படி அவள் உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம்தான் நான் அரையாண்டு ரேங்க் கார்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். இரண்டாவது ரேங்க். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“ஒரு மொட்ட பத்தல போலம்மா. இன்னொரு தபா போட்டுக்கயேன். ஃபர்ஸ்ட் ரேங்க் வந்துடுவேன்.”

அப்பா சட்டென்று எழுந்து வெளியே போய்விட்டார்.  அம்மா என்னை இழுத்து மடியில் உட்காரவைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

“சரி கண்ணு. உனக்காகப் போட்டுக்குறேன்.”

மெஸ்ஸில் சொல்ல அவளுக்கு ஒரு காரணம் கிடைக்காமல் இருந்தது, அதை நானே கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன் என்பது தெரியாமல், சாமி இந்த முறை கண்டிப்பாகக் கேட்டுவிடும் என்ற நம்பிக்கையில் நான் கணக்குப் புத்தகத்தைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன்.