இறந்தவர் பேரில் ஒரு ரீஃபண்ட்

இந்த நாட்டில் யாரும் முதலில் என் பெயரைக் கேட்பதில்லை. வங்கியாகட்டும், மின்சாரக் கம்பெனியாகட்டும், போனை எடுத்ததும் அரசாங்கம் கொடுத்த ஒன்பது இலக்க சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கைத்தான் கேட்பார்கள். அதைச் சொன்ன பிறகுதான் நான் கலா. அந்த எண்ணை யாரிடமும் கொடுக்காதே, பர்ஸில் கூட வைத்துக்கொள்ளாதே என்று வந்த புதிதில் எல்லோரும் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆம்பூரில் ஆதார் ஜெராக்ஸ் கொடுக்காத இடம் ஏது? சிம் கார்டுக்கு, கேஸ் கனெக்‌ஷனுக்கு, நகையை அடகு வைக்க, ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர, எல்லாவற்றுக்கும் கொடுத்தோம். ஒருமுறை பஜாரில் வாங்கிய வடையை மடித்திருந்த தாளில் யாரோ ஒரு பெண்ணின் முகமும் எண்ணும் முகவரியும் எண்ணெயில் ஊறிக்கிடந்தன. என்னோடு எக்ஸ்போர்ட் செக்‌ஷனில் இருந்த ஷமீம் அதை விரித்துப் பார்த்து, "இன்னாடி இது, இந்தம்மா வீட்டுக்காரர் பேரு வரைக்கும் இருக்கு" என்றாள். தின்றுவிட்டுக் கசக்கிப் போட்டோம்.

என் கணவர் சேகர் தோல் ஃபினிஷிங் டெக்னீஷியன். கார் சீட்டுக்குத் தோல் தயாரிக்கும் ஒரு கம்பெனி அவரை அமெரிக்காவுக்கு அழைத்தது. சுற்றிலும் சோளக்காடு, நடுவில் எங்கள் ஊர். மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு காலையில், வேலைக்குக் கிளம்பியவர் கார் கண்ணாடியில் இருந்த பனியைச் சுரண்டிக்கொண்டே கீழே சரிந்தார். ஆம்புலன்ஸ் வந்தபோது உயிர் இல்லை.

அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தவர் பாஸ்கர் அண்ணன். வேலூர் பக்கம் அணைக்கட்டு ஊர்க்காரர். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு வருமான வரிக் கணக்கு முடித்துக் கொடுப்பவர். எரியூட்டும் இடம் வரை கூடவே நின்றார். அவர் மனைவி மாலதி எங்களுக்குச் சமைத்து எடுத்துவந்தாள். பிறகு ஒருநாள் சோபாவில் என் எதிரே உட்கார்ந்து, "இறந்தவங்க கணக்கை ஒழுங்கா முடிக்கணும்மா. எல்லா பேப்பரையும் எங்கிட்ட குடுத்துடு. நீ பேஜாராவாத, அண்ணன் பாத்துக்கறேன்" என்றார். சேகரின் எண், பிறந்த தேதி, இறப்புச் சான்றிதழ், என் எண், மகள் நிலாவின் எண் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டுக் கொடுத்தேன். நன்றி சொல்லி அழக்கூடச் செய்தேன்.

இந்த வருஷம் நிலா, "வரிக் கணக்கை நாமே போட்டுடலாம்மா, கஷ்டமில்ல" என்று கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். அனுப்பிய கணக்கு திரும்பி வந்துவிட்டது. இந்த எண்ணில் ஏற்கெனவே தாக்கல் செய்யப்பட்டுவிட்டது என்று காரணம் போட்டிருந்தது. வரித்துறைக்குப் போன் செய்தோம். நெடுநேரம் பாட்டு ஓடிய பிறகு ஒரு பெண் பேசினாள். என் விவரங்களைக் கேட்டுவிட்டு, கணவரும் சேர்ந்து தாக்கல் செய்திருப்பதால் அவரிடமும் பேச வேண்டும் என்றாள். "ஹி இஸ் நோ மோர்" என்றேன். நம் ஊரில் அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. "நோ மோர் வாட், மேம்?" என்று கேட்டாள். "ஹி எக்ஸ்பயர்ட்" என்றேன். அவருடைய அடையாள அட்டை காலாவதியாகிவிட்டது என்று புரிந்துகொண்டாள் போலிருக்கிறது. அதைப் புதுப்பித்துக்கொண்டு அவரையே கூப்பிடச் சொல்லுங்கள் என்று மரியாதையாகச் சொன்னாள். நிலா என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"மை ஃபாதர் இஸ் டெட்" என்றாள்.

தகப்பன் செத்த நாளிலிருந்து அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. ஒரு வரிக் கணக்குக்காக அதைச் சொல்ல வேண்டி வந்தது.

விஷயம் மெல்ல விளங்கியது. யாரோ சேகரை உயிரோடு எழுப்பி, போன வருஷம் முழுக்க வேலை செய்ததாகக் காட்டி, நானும் அவரும் சேர்ந்து கையெழுத்திட்டதாகக் கணக்குப் போட்டு, ரீஃபண்டாகத் திரும்பி வரும் வரிப்பணத்தை முகம் தெரியாத ஒரு வங்கிக் கணக்குக்கு வாங்கிக்கொண்டுவிட்டார்கள். ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியிலிருந்து சேகர் வீடு திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போவார்கள். சுண்ணாம்பும் பச்சைத்தோலும் கலந்த வாடை சட்டையை விட்டுப் போகாது. அந்தச் சட்டையை ஒருநாளும் நான் முகம் சுளித்துத் துவைத்ததில்லை. ஆனால் அன்று சாப்பிட உட்கார்ந்தவள், தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

யார் செய்தது என்று வரித்துறையில் கேட்டார்கள். தெரியாது என்றுதான் எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து ராணி போன் செய்தாள். ஆற்காடு பக்கம் கலவை ஊர்க்காரி, இங்கே பக்கத்து ஊரில் இருக்கிறாள், அவளும் கணவனை இழந்தவள். அவளுக்கும் இதே கதை. எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது ஒரே ஒரு ஆள். சேர்ந்து போய் அதிகாரிகளிடம் சொல்லலாம் என்று அவளைக் கூப்பிட்டேன். விசா விஷயத்தில் ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து பின்வாங்கிவிட்டாள்.

நான் மட்டும் பாஸ்கர் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் அதிர்ச்சியடையவில்லை, அதைத்தான் முதலில் கவனித்தேன். எல்லாக் கணக்கும் டைப் செய்ய வேலூருக்குத்தான் போகிறது, மச்சான் தினகரன் அங்கே ஆபீஸ் வைத்திருக்கிறான், பசங்க யாராவது கை வைத்திருப்பார்கள் என்றார். எங்கள் காகிதங்களை வேலூருக்கு அனுப்புவதாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். காபி ஆறிப்போகிறது, குடி என்றார். தொடாமல் எழுந்து வந்தேன்.

ஜூன் மாதம் ஊருக்குப் போனபோது, என் தம்பி ரமேஷைக் கூட்டிக்கொண்டு அந்த ஆபீஸைத் தேடினேன். வேலூர் பஜாரில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே, குறுகலான படி. உள்ளே ஏசி போட்ட அறையில் வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பிள்ளைகள் அமெரிக்கப் பெயர்களைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். தினகரன் நல்ல சட்டை போட்ட இளைஞன். நாற்காலி இழுத்துப் போட்டான். நான் யார் என்று சொன்னதும் கொஞ்சம் யோசித்தான். மறுக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அவன் மறுத்திருந்தால், பயந்திருந்தால், ஒரு மனிதனைப் பார்த்துவிட்டு வந்தேன் என்றாவது இருந்திருக்கும்.

"இன்னாக்கா இதுக்குப் போயி அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துட்டீங்க. உங்க கைக்காசு ஒண்ணும் போவலையே. அது அந்த கவர்மெண்ட்டு காசு. உங்களுக்கு வர வேண்டியது எப்படியும் வந்துடும். செத்தவங்க பேர்ல போட்டா யாருக்கும் நஷ்டமில்லன்னுதான் மாமா அந்த மாதிரி பேரா எடுத்துக் குடுத்தாரு."

"அந்த மாதிரி பேரா" என்று நான் திரும்பச் சொன்னேன். அப்போதுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. எழுந்து, ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபேன் ஸ்விட்சைப் போட்டான்.

பாஸ்கர் அண்ணன் பொறுக்கி எடுத்திருக்கிறார். என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து, என் கண்ணீரைப் பார்த்துக்கொண்டே, எந்தப் பேர் தோதானது என்று தேர்ந்தெடுத்திருக்கிறார். படியிறங்கும்போது கைப்பிடிச் சுவரைத் தொடக்கூட அருவருப்பாக இருந்தது. அன்றே போலீஸில் புகார் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள், விசாரணை நடக்கிறது. ரமேஷ் வழியெல்லாம், "உடுக்கா, நம்ம பக்கத்து ஆளுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தான். நம்ம பக்கத்து ஆளாக இருந்ததால்தானே கவரை நம்பிக் கொடுத்தேன் என்றேன். 

திரும்பி வந்ததும் இங்கேயும் பாஸ்கர் பேரைச் சொன்னேன். அதிகாரிகள் அவர் வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டர்களை எடுத்துக்கொண்டு போனார்கள். வழக்கு நடக்கிறது. மாலதி என் வீட்டுக்கு வந்தாள், கையில் ஒரு டப்பா மைசூர்பாகு. அவள் பிள்ளைகள் காலேஜில் படிக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்க்கச் சொன்னாள். "உனக்குத்தான் காசு வந்துடுச்சே கலா, இன்னும் இன்னா வேணும்?" என்று கேட்டாள். அவளும் அதே தினகரனின் அக்காதானே. டப்பாவை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துக் கதவைச் சாத்தினேன். இந்தத் தீபாவளிக்கு எங்களை யாரும் கூப்பிடவில்லை. கோயிலில் என்னைப் பார்த்தால் பெண்கள் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொள்கிறார்கள். காட்டிக்கொடுத்தவள் என்று பேர். ஆம்பூரிலோ அமெரிக்கா போய் மனசு கல்லாகிவிட்டது என்கிறார்கள். ராணியின் புகாரும் பிறகு போய்ச் சேர்ந்தது. அவள் மட்டும் இப்போது போன் செய்கிறாள். திருட்டு திருட்டுதான் என்று சொல்ல அந்த ஒரு குரலாவது இருக்கிறது.

அந்த ஜூன் மாதப் பயணத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. சேகரின் சாம்பலில் பாதியை இங்குள்ள ஆற்றில் அவர் இறந்தபோதே கரைத்துவிட்டேன். மீதியைப் பாலாற்றில் கரைக்க வேண்டும் என்று ஒரு செம்பில் எடுத்துப்போயிருந்தேன். ரமேஷ் பைக்கில் கூட்டிப்போனான். ஆற்றில் மணலும் சீமைக்கருவேலமும்தான் இருந்தன. நடுவில் ஒரு கறுப்பு ஓடை, நுரை கட்டிக்கொண்டு நகர்ந்தது. இதில் எப்படி என்று நின்றேன். "தண்ணி வந்தா சொல்றேன்க்கா, அப்ப வந்து கரைச்சிக்கலாம்" என்றான் ரமேஷ். செம்பைத் திரும்பத் துணியில் சுற்றிக்கொண்டேன்.

அமெரிக்கா திரும்பி இறங்கிய விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி கைரேகை எடுத்துக்கொண்டே, தனியாகவா பயணம் என்று கேட்டார். செம்பு இருந்த பையைத் தோளில் மாட்டியிருந்தேன். ஆமாம் என்றேன். வெளியே நிலா காருடன் நின்றிருந்தாள். பையை வாங்கக் கையை நீட்டினாள். கனத்திலேயே புரிந்துகொண்டாள். பின்சீட்டில் வைத்து, பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.