பெட்டியில் கொண்டுபோன சோறு

நாடுவிட்டு வந்து நான் குடியிருந்த டோர்செட் பார்க்கில், சீனி வருத்தம் என்கிற நீரிழிவு உள்ளவர்களுக்காக நடந்த சமையல் வகுப்பில்தான் அந்த அன்ரியைச் சந்தித்தேன். மெலிந்த உடம்பு, இறுக்கிக் கட்டிய கொண்டை. உப்பையும் எண்ணெயையும் எப்படிக் குறைப்பதென்று ஸ்பானிஷ்கார ரீச்சர் காட்டித்தர, அவர் ஒரு கையால் கறியைக் கிளறியபடி மற்றக் கையில் செல்போனைப் பிடித்துக்கொண்டே நிற்பார்.

"அதை வைச்சிட்டுக் கிளறுங்கோவன், அன்ரி" என்றேன் ஒருநாள்.

"மகன் வன்னிக்குள்ளை நிக்கிறான், பிள்ளை. எடுத்தானெண்டால்?"

சண்டை நடந்துகொண்டிருந்த அந்த வன்னியில்தான் என் அக்காவும் இருந்தாள். அதன்பிறகு நானும் என் போனை மேசையில் வைக்கவில்லை.

யுத்தம் முடிந்துவிட்டதென்று செய்தி வந்த கிழமை அவர் வகுப்புக்கு வரவில்லை. அன்று சமைத்த சிவப்பரிசிச் சோற்றிலும் மரக்கறியிலும் அவருடைய பங்கைப் பெட்டியில் போட்டுக்கொண்டு, பக்கத்துக் கட்டடத்திலிருந்த அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

திறந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியைத்தான் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஆர் பிள்ளை உனக்குச் சொன்னது?"

செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், அயலவர்தான் மரக்கறிச் சோறு சமைத்துக் கொண்டுபோவார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஐயோ அன்ரி, அப்பிடி ஒண்டுமில்லை. இது வகுப்புச் சாப்பாடு."

"என்ரை வீட்டிலை அடுப்பு எரியுது. கொண்டு போ."

உள்ளே ஏதோ கொதிக்கும் சத்தம் கேட்டது. கதவு சாத்தப்பட்டது. அவரை அதன்பிறகு நான் காணவேயில்லை.

அன்று பெட்டியோடு திரும்பி என் வீட்டு வாசல்வரை வந்துவிட்டேன். அக்காவிடமிருந்து இன்னும் அழைப்பு வரவில்லை. அந்தப் பெட்டியை உள்ளே கொண்டுபோக எனக்கும் பயமாக இருந்தது.