பல் டாக்டர் வேலிக்குச் சாயம் பூசிய கதை

பல் டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டு வீட்டோடு வந்து உட்கார்ந்தபோது, அலுத்துப்போய்விட்டது என்றுதான் எல்லோரிடமும் சொன்னார். ஊரில் உள்ள வாயையெல்லாம் பார்த்தாகிவிட்டது, இனிப் பார்க்க என்ன இருக்கிறது என்றார். அது பச்சைப் பொய். அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்திருந்தது. சும்மா இருக்கும்போது கை சாதுவாகத்தான் இருக்கும். மெல்லிய சாமான் எதையாவது எடுத்து ஓர் இடத்தைக் குறிவைத்துக் கொண்டுபோனால் மட்டும், போகிற வழியெல்லாம் விரல்கள் தந்தியடிக்கும்.

இது மனைவிக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கையோடு இழுத்துக்கொண்டுபோய் நரம்பு டாக்டர் முன்னால் நிறுத்திவிடுவாள். ஊரையே நாற்காலியில் சாய்த்துப் படுக்கவைத்தவருக்கு, தானே போய் நோயாளியாக உட்காரப் பயம். அங்கே என்ன சொல்வார்களோ என்பதை நினைத்தால் தூக்கமே போயிற்று. அதனால் மறைத்தார். காபி கப்பை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, "இப்படிப் பிடிச்சா இதமா இருக்கு" என்பார், வேர்த்து வழிகிற மத்தியானத்தில்.

அவர் மனைவி சும்மா இருக்கிற பேர்வழி இல்லை. கிளினிக் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து, வந்தவர்களைப் பேர் சொல்லி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தவள். இப்போது அனுப்புவதற்குப் புருஷன் ஒருவர்தான் மிச்சம். ஒருநாள் காலையில் அவரை வாசலுக்கு அனுப்பி, வீட்டைச் சுற்றி நிற்கிற மரவேலியைக் காட்டினாள். ஆள் உயரத்துக்கு மேலே போகும் வேலி. வெயிலிலும் மழையிலும் கிடந்து, பலகையெல்லாம் சாம்பல் பூத்துப் போயிருந்தது.

"மழை வர்றதுக்குள்ள இதுக்கு ஸ்டெயின் அடிச்சாகணும். இல்லேன்னா மரம் ஊறிப் போயிடும். நீங்க அடிக்கறீங்களா, நான் ஆள் கூப்பிடட்டுமா?"

"ஆளா? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றார் டாக்டர். சொன்ன பிறகுதான், மரச்சாயம் பிரஷால் பூசுகிற சமாச்சாரம் என்பதும், பிரஷ் என்பது மெல்லிய சாமான் என்பதும் உறைத்தது.

அன்றிலிருந்து தொடங்கியது ஆராய்ச்சி. பெயிண்ட் கடைக்காரர் முதலில் அவரை மரியாதையாக வரவேற்றார். பிறகு அவர் தெருமுனையில் திரும்பும்போதே தண்ணீர் குடித்துத் தயாராகிக்கொண்டார். அகலப் பிரஷ், சாய்வுப் பிரஷ், பன்றி முடி, நைலான் முடி என்று எல்லாவற்றையும் டாக்டர் வாங்கிவந்தார். கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த எஃகுத் தட்டுகளில் சின்னதிலிருந்து பெரியதுவரை வரிசையாக அடுக்கினார். அடுக்கியதோடு சரி. தொடவில்லை.

"இதுல எதை எடுக்கப் போறீங்க?" என்றாள் மனைவி.

"பிரஷ் எல்லாம் பழைய முறை. இப்ப யாரும் பிரஷ்ல அடிக்கறதில்ல" என்றார், பிறந்ததிலிருந்து வேலிக்குச் சாயம் பூசியே வளர்ந்தவர் மாதிரி.

ரோலர் வந்தது. கட்டையான பிடி, முழுக்கையால் அழுத்திப் பிடிக்கலாம் என்று ஆசையாகத்தான் வாங்கினார். பலகையோ சொரசொரப்பு. ரோலர் மேட்டையெல்லாம் நனைத்துவிட்டுப் பள்ளத்தையெல்லாம் விட்டுவிட்டு ஓடியது. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கிற இடுக்குக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்து, கையில் மாட்டிக்கொண்டு தேய்க்கிற பஞ்சு உறை. உறைக்குள் கை நடுங்கினால் யாருக்குத் தெரியும் என்று கணக்குப் போட்டார். தெரியவில்லைதான். ஆனால் சாயம் முழங்கைவரை வழிந்து, அந்த வாரம் முழுக்க ஒரு கை அவருடையதாகவும் இன்னொரு கை தேக்கு மரத்துடையதாகவும் இருந்தது.

கடைசியில் கடைக்காரர் பொறுக்கமாட்டாமல் ஸ்பிரே மெஷினை ஓட்டிக் காட்டினார். டாக்டர் அதைத் தொட்டுப் பார்த்தார். மெஷின் தடதடவென்று ஆடியது, குழாய் ஆடியது, பிடித்துக்கொண்டிருந்த கடைக்காரரின் கன்னம்கூட ஆடியது. டாக்டருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இவ்வளவு ஆட்டத்துக்கு நடுவில் ஒரு மனிதனுடைய கை தனியாக ஆடினால் எந்தக் கண் அதைக் கண்டுபிடிக்கும்? அன்றே வாடகைக்கு எடுத்துவந்துவிட்டார்.

காற்று இல்லாத நாளாகப் பார்த்து அடிக்க வேண்டும் என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். டாக்டருக்கு எங்கே பொறுமை. மறுநாளே காதை அடைத்துக்கொண்டு விசையை அழுத்தினார். சாயம் புகையாகக் கிளம்பிப் பலகையில் கொஞ்சம் பட்டது. மீதி இடுக்கு வழியாகவும் வேலிக்கு மேலாகவும் அடுத்த வீட்டுக்குப் பயணமானது.

அடுத்த வீடு மச்சானுடையது. அதாவது மனைவியின் தம்பி. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். நாள் முழுக்கக் காருக்குள் பேசிவிட்டு, இறங்கிய பிறகும் நிறுத்தத் தெரியாதவன். தெருவில் அவனுக்கு ரேடியோ என்று பேர். அவனிடம் ஒரு சேதியைச் சொல்வதும் மைக் வைத்துச் சொல்வதும் ஒன்றுதான். அவனுடைய வெள்ளைக் கார் வேலியை ஒட்டி நின்றிருந்தது. உள்ளே, முதல்நாள் வகுப்புக்கு வந்த ஒரு அம்மாள் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் பழுப்புத் தூறல் விழுந்ததும், மழை என்று நினைத்துத் தானாகவே வைப்பரைப் போட்டுவிட்டார். அன்றைய வகுப்பில் அவர் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். சாயம் கண்ணாடி முழுக்க அழகாக இழுபட்டுக் கார் இருண்டுபோனது.

"அத்தான்" என்று குரல் வந்தது. "மெஷினை நிறுத்துங்க. என் கார் சிறுத்தை ஆயிடுச்சு."

மெஷின் திரும்பிப் போயிற்று. போகும்போது கடைக்காரர், ஸ்பிரே அடித்தாலும் ஈரம் காய்வதற்குள் பிரஷால் இழுத்துவிட்டால்தான் சாயம் மரத்துக்குள் இறங்கும், இதையும் அப்போதே சொன்னேனே என்றார். எந்த வழியில் சுற்றினாலும் பிரஷில்தான் போய் முடிகிறது என்று டாக்டருக்குப் புரிந்தது. வானத்தின் ஒரு மூலையில் கறுப்பு கட்ட ஆரம்பித்திருந்தது.

மனைவி ஒரு ஏற்பாடு சொன்னாள். இந்தப் பக்கம் பூசினால் இடுக்கு வழியாக அந்தப் பக்கம் ஒழுகுகிறது. ஒழுகியதை உடனே இழுத்துவிடாவிட்டால் கோடு கோடாகக் காய்ந்துவிடுகிறது. ஆகவே டாக்டர் இந்தப் பக்கம் நிற்பது, அவள் தன் தம்பி வீட்டுப் பக்கம் நிற்பது. ஒரே பலகையை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மேலிருந்து கீழே இழுத்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது. டாக்டருக்கு உயிர் வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளுக்குக் கை எப்படித் தெரியும்?

வேலை நடந்தது. பிரஷ் பலகையை நெருங்கும்போது விரல்கள் தந்தியடித்தன, சாயம் மூக்குக்கண்ணாடியில் தெறித்தது. ஆனால் அழுத்திப் பிடித்து இழுத்ததும் பலகையின் சொரசொரப்பு கையை அடக்கிக்கொண்டது. அரைகுறையாக இருந்தாலும் பார்க்கும்படியாகத்தான் இருந்தது.

"உங்க கை பட்டா தனிதான்" என்று அந்தப் பக்கத்திலிருந்து மனைவியின் குரல் வந்தது. "எங்க போனாலும் உங்களை மாதிரி சுத்தமா வேலை பார்க்க ஆள் கிடையாது."

அந்தச் சொல் டாக்டரைச் சுருக்கென்று தைத்தது. அதற்குப் பிறகும் சில பலகைகளை முடித்தார். முகத்துக்கு முகம் பார்த்து இவ்வளவு காலமும் பொய் சொன்னது சுலபமாக இருந்தது. முகம் தெரியாமல் ஒரே பலகையை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பொய்யை இன்னொரு பலகைக்குக் கொண்டுபோக முடியவில்லை.

"இங்க பாரு, ஒரு விஷயம் சொல்லணும். திட்டாதே" என்றார்.

அந்தப் பக்கம் பிரஷ் இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது.

"கிளினிக்கை அலுத்துப்போய் மூடல. எனக்குக் கை நடுங்குது. ஒருத்தர் வாய்க்குள்ள ஊசியைக் கொண்டுபோகவே பயமா இருந்துச்சு. உங்கிட்ட சொன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவே. அவர் அதுக்கு ஒரு பேர் வச்சிடுவார். பேர் வைக்காத வரைக்கும் அது வெறும் நடுக்கம்தானேன்னு இருந்துட்டேன். பயம்தான், வேற ஒண்ணுமில்ல."

பிரஷ் சத்தம் நின்றது. யாரோ கனமாகச் செருமினார்கள்.

"அத்தான், நான்தான்."

டாக்டர் கையிலிருந்த பிரஷ் டப்பாவுக்குள்ளேயே முங்கிவிட்டது. "நீ எப்படா வந்தே?"

"அக்காவுக்கு போன் வந்துச்சு. பலகை காஞ்சிடும், பிடிடான்னு பிரஷைக் குடுத்துட்டு உள்ள போனா."

"ஏன்டா வாயைத் திறக்கல? பொறந்ததுலேர்ந்து ஓயாம பேசறவன், இன்னிக்குத்தானா உனக்கு மௌன விரதம்?"

"நீங்க பேசிட்டு இருந்தீங்களே அத்தான்." ரேடியோ முதன்முறையாகத் தணிந்து பேசியது. "குறுக்கே பேசத் தோணல."

"யார்கிட்டயும் சொல்லிடாதே."

"சொல்லக்கூடாதுதான்" என்றான் மச்சான். "ஆனா என்னைப் பத்தி உங்களுக்கே தெரியும். எனக்கே என்னை நினைச்சா பயமா இருக்கு."

பிரஷைத் தரையில் வைக்கும் சத்தமும், வீட்டைப் பார்த்து ஓடும் செருப்புச் சத்தமும் கேட்டன. டாக்டர் அப்படியே பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தார். சாயம் காய்ந்து கோடு விழுந்துகொண்டிருந்தது. பிரஷை எடுக்கவும் தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் பிரஷ் மறுபடி இழுபட்டது.

"தம்பி சொன்னான்" என்றாள் மனைவி.

"ம்."

"அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? கடைசி வருஷம் கடவாய்ப் பல் பிடுங்கணும்னு வந்தவங்களை எல்லாம் நான்தான் வாசல்லயே பேசி வேற டாக்டர்கிட்ட அனுப்பினேன். உங்ககிட்ட சும்மா பல் சுத்தம் பண்றவங்களை மட்டும்தான் உள்ள விட்டேன்."

டாக்டருக்குக் கோபம் வரப் பார்த்தது. அதற்குள் கண்ணீர் முந்திக்கொண்டது. "தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா இல்லேம்பீங்க. இல்லேன்னு ஒரு தடவை சொல்லிட்டா அப்புறம் அதைக் காப்பாத்தவே உங்களுக்கு வருஷம் போயிடும். நீங்களா சொல்வீங்கன்னு நரம்பு டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கறதும், நீங்க சொல்லாததால கேன்சல் பண்றதுமா இருக்கேன். அங்க உட்கார்ந்திருக்கற பொண்ணு என் குரலைக் கேட்டாலே சிரிக்குது. இப்ப வந்த போனும் அவதான். நாளைக்குக் காலையில இருக்கு, இதையாவது வச்சுக்கறீங்களாம்மான்னு கேட்டா."

"என்ன சொன்னே?"

"வச்சுக்கறேன்னேன். நீங்க வாயைத் திறந்து சொல்லலேன்னாலும் இந்தத் தடவை இழுத்துட்டுப் போறதுன்னு முடிவு பண்ணித்தான் சொன்னேன்."

டாக்டர் பிரஷைச் சாயத்திலிருந்து எடுத்தார். அது பலகைக்குப் போகிற வழியெல்லாம் ஆடியது. ஆடட்டும் என்று விட்டுவிட்டார். கோடு விழுந்த இடத்தை மறுபடி ஒருமுறை இழுத்தார். பிறகு பலகையோடு பலகையாக நெருங்கி நின்று, அந்தப் பக்கத்துக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"உள்ள நீயும் வருவியா?"

"வராம?" என்றாள். "இத்தனை வருஷமும் நான் வெளியிலதானே உட்கார்ந்திருந்தேன்."