பீரங்கி முனிக்கு எண்ணெய்

ஐயாவு மாமாவைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய வலது முழங்காலில் இருந்துதான் தொடங்க வேண்டும். ருவான்வெல்லைப் பக்கத்து றப்பர் மலையில் வாழ்நாள் முழுக்கப் பால் வெட்டிய கால் அது. இறக்கத்தில் விழுந்து, மழையில் வழுக்கி, கடைசியில் மடக்கவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் போய்விட்டது. அந்தக் காலை இழுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை தவறாமல் பங்களா மேட்டுக்கு ஏறுவார். கையில் ஒரு சாராயப் போத்தல் இருக்கும். உள்ளே சாராயம் இல்லை, தேங்காயெண்ணெய். வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து போவார். நான் தோட்டத்தில் ஆட்டோ ஓட்டுகிறவன். அந்தப் பாதையில் ஆட்டோ ஏறாது. ஏறுமென்றால் நானே கொண்டுபோய் விட்டிருப்பேன்.

மேட்டில் இருப்பது ஒரு பீரங்கி. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை, கடற்கரைக் கோட்டையில் வேண்டாமென்று ஒதுக்கியதை வாங்கிவந்து பங்களா வாசலில் அழகுக்கு நட்டாராம். பாதி மண்ணுக்குள்ளே, வாய் வானத்தைப் பார்த்தபடி. துரை போனார், பங்களா இடிந்தது, பீரங்கி மட்டும் நின்றது. யார் முதலில் அதற்குக் குங்குமம் வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அது பீரங்கி என்பது எங்கள் லயத்து வீட்டு வரிசையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அது முனி என்பதும் தெரியும். இரண்டுக்கும் எங்களுக்குள் சண்டை வந்ததே இல்லை.

எண்ணெய் பூசுகிற பொறுப்பு ஐயாவு மாமாவின் தாத்தாவுக்கு வந்தது, பிறகு அப்பாவுக்கு, பிறகு இவருக்கு. உடம்பு முழுக்கத் தேய்த்துவிட்டு ஒரு சுருட்டைப் பற்றவைத்து முன்னால் வைக்க வேண்டும். முனி பட்டினி கிடந்தால் பூசாரி பெற்ற பிள்ளை மேல்தான் வந்து நிற்பார் என்பது அந்த வீட்டு நம்பிக்கை. எனக்கு இதெல்லாம் அரைகுறை நம்பிக்கைதான். ஆனால் ஐயாவு மாமாவுக்கு இருப்பது ஒரே பிள்ளை.

அந்தப் பிள்ளை ஷாமிளா, கல்யாணம் கட்டிக் குருவிட்டவில் இருக்கிறாள். அவள் அம்மா புஷ்பம் செத்த நாளிலிருந்து அப்பாவை வரச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். சமதரையில் வீடு, அவருக்கென்று ஓர் அறை, வாசலிலேயே பஸ். மாமாவுக்கும் போக ஆசை. ஆசை என்று சொன்னால் பத்தாது, மனுஷன் ஏங்கிப்போயிருந்தார். ஒழுகுகிற லயக் கூரையும் தனியாக ஆக்கித் தின்கிற சோறும் அவருக்கு வெறுத்துவிட்டது. அந்த எண்ணெய்ப் போத்தலை யாராவது கையில் வாங்கிக்கொண்டால் அடுத்த பஸ்ஸிலேயே ஏறிவிடுவார். கோயில் கமிட்டித் தலைவர் சசியிடம் கேட்டுப் பார்த்தார். சசிக்கு இடுப்பு வலியாம். ஞாயிற்றுக்கிழமைகளில் வொலிபோல் விளையாடும்போது மட்டும் வராத வலி. வேறு சிலரிடம் கேட்டார். பார்ப்போம், பார்ப்போம் என்றே காலம் கடந்தது. நான் வேதக்கார வீட்டில், கிறிஸ்தவக் குடும்பத்தில், பெண் கட்டியவன், என் கை எண்ணெய் முனிக்கு ஆகாது என்று லயத்தில் முடிவு கட்டிவிட்டார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் போன வருஷம் நிலக்சி மிஸ் வந்தார். யாழ்ப்பாணத்துப் பெண், பழைய கோட்டைகளைப் பாதுகாக்கிற உத்தியோகம். ஆட்டோவில் வரும்போதே கதை முழுவதையும் சொல்லிவிட்டார். கிழக்குக் கரையில், கப்பல்களைச் சுடக் கட்டிய ஒரு கோட்டை காடு மூடிக் கிடந்ததாம். இவருடைய ஆட்கள் வெட்டித் துப்புரவாக்கிக்கொண்டு உள்ளே போனால், வெடிமருந்து அறைகளில் வௌவால்கள், பீரங்கி நின்ற மேடைகளில் புல். சில பீரங்கிகளைப் பழைய இரும்புக்காரர்கள் வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியவை உப்புக்காற்றில் ஏடு ஏடாக உதிர்ந்து கிடந்தன. எங்கள் திருவிழா வீடியோவை யாரோ போனில் போட்டிருக்க, பீரங்கியின் மேல் மாலைக்கு நடுவே தெரிந்த கிரீட முத்திரையைப் பார்த்து இவர் தேடி வந்திருக்கிறார். அங்கே நின்றதும் இதே வகைப் பீரங்கிதானாம். இதைக் கொண்டுபோய் ஒரு மேடையில் வைத்தால் கோட்டைக்கு மறுபடி உயிர் வரும் என்றார்.

நான் உடனே மாமாவிடம் ஓடினேன். கேட்டதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். மிஸ்ஸை மேட்டுக்குக் கூட்டிப் போகாதே, கீழே சந்தியிலேயே நிறுத்து என்றார். தேத்தண்ணிக் கடை வாசலில் வைத்துத் தணிந்த குரலில் சொன்னார்:

"தாராளமா எடுத்துக்கிட்டுப் போங்க மிஸ். ஆனா மேட்டுல வச்சு என்கிட்ட கேட்டுறாதீங்க. அவரு காதுல விழுந்துரும்."

மிஸ் சிரிக்கவில்லை. அந்த மட்டில் நல்ல பெண். ஆனால் சட்டம் ஒன்று இருக்கிறதே. எல்லோரும் பார்க்க, பீரங்கி இருக்கும் இடத்திலேயே சம்மதம் கேட்க வேண்டுமாம். "இல்லாட்டி நாங்கள் சாமியைக் களவெடுத்துக்கொண்டு போட்டம் எண்டு நாளைக்குக் கதை வரும் ஐயா" என்றார்.

மாமா அன்றிரவு முழுக்க யோசித்திருக்கிறார். காலையில் வந்து, வாயால் சொன்னால்தானே முனிக்குக் கேட்கும், தலையை ஆட்டினால் தெரியாதே, அவர் கண்ணும் வாயும் வானத்தைப் பார்த்தல்லவா இருக்கிறது என்றார். இந்தக் கணக்கில் அவருக்கு அவ்வளவு திருப்தி. சாரம், சட்டை, புஷ்பம் அத்தையின் போட்டோ எல்லாவற்றையும் மூட்டை கட்டி, என் ஆட்டோவில் சந்திக்குக் கொண்டுவந்து குருவிட்ட போகிற ஆளிடம் கொடுத்தனுப்பினார். லொறி பீரங்கியோடு புறப்பட்டதும் தானும் புறப்படுவதாக ஏற்பாடு.

லொறி வந்த நாளில், ஒரு வெள்ளிக்கிழமைகூட ஏறாதவர்கள் எல்லாம் மேட்டில் நின்றார்கள். இடுப்பு வலிக்கார சசிதான் முதலில் ஓடி ஏறினார். எங்கள் குலசாமி, கவர்ன்மெண்டுக்குக் கொடுக்க மாட்டோம் என்று ஒரே சத்தம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிஸ் எல்லோரையும் அமர்த்திவிட்டு, உங்களுக்குச் சம்மதமா என்று மாமாவைக் கேட்டார். மாமா தலையை ஆட்டினார்.

"தலையாட்டுனா ஆச்சா? சாமி முன்னால வாயத் தொறந்து சொல்லச் சொல்லுங்க" என்றார் சசி.

சொல்லத்தான் வேண்டும் என்று கூட்டமும் பிடித்துக்கொண்டது. மாமா என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய முடியும்? பிறகு மிஸ் பக்கமும் திரும்பாமல் சசி பக்கமும் திரும்பாமல் பீரங்கியைப் பார்த்துப் பேசினார்.

"சாமி, எங்க தாத்தா காலத்துலேருந்து உங்களுக்கு ஒரு கொறையும் வச்சதில்ல. இப்ப என்னால ஏற முடியல. புள்ள கூப்புடுது. நீங்க உங்க கடலுக்கே போங்க. என்னைய விட்டுருங்க."

சசிகூட வழிவிட்டு ஒதுங்கினார். தமிழ் தெரியாத லொறிக்காரர்கூட அந்தக் குரலைக் கேட்டுவிட்டு "பவ் நே" என்றார், பாவந்தானே என்று. முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார், இனி அவர் போகலாம் என்று நினைத்தேன்.

சங்கிலியைப் போட்டு, சுற்றி மண்ணைத் தோண்டத் தொடங்கினார்கள். மிஸ் ஒரு துணியால் அப்பியிருந்த குங்குமத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க உள்ளே இரும்பு கறுப்பாக, வழவழவென்று, ஒரு பொட்டுத் துருவில்லாமல் வந்தது. மிஸ் வேலையை நிறுத்தச் சொன்னார். போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்க் கொழும்பில் இருந்த பெரியவர்களோடு சிங்களத்திலும் இங்கிலீஷிலும் வெகு நேரம் பேசினார். திரும்பி வரும்போது கண் கலங்கியிருந்தது. கோட்டையில் இன்னும் கூரை போட்டு முடியவில்லை, அங்கே கொண்டுபோய் வைத்தால் உப்புக்காற்று இதையும் தின்றுவிடும், இவ்வளவு காலம் பூசிய எண்ணெய்தான் இதைக் காப்பாற்றியிருக்கிறது, அதனால் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், எண்ணெய் பூசுவதும் நிற்கக் கூடாது என்று மேலிடம் சொல்லிவிட்டதாம். பிறகு மாமாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"எங்களுக்காக உங்கட சாமியையே தர வந்தனீங்கள் ஐயா. அதை வாங்கிக்கொண்டு போக எனக்கும் மனம் வரேல்ல. அவர் உங்களிட்டயே இருக்கட்டும்."

சனம் கைதட்டியது. சசி எங்கிருந்தோ ஒரு மாலையைக் கொண்டுவந்து பீரங்கிக்குப் போட்டார். மாமா வாய் பாதி திறந்தபடி நின்றார். நான் மிஸ்ஸின் பின்னாலேயே லொறிவரை போய், நீங்கள் நினைப்பது போலில்லை, முனி எப்படியாவது தொலையட்டும் என்றுதான் அந்த மனுஷன் கொடுக்க வந்தார் என்று பட்டென்று சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போனது. மேலிடத்து முடிவு, இனித் தன் கையில் ஒன்றுமில்லை என்றார். லொறி வெறுமையாக இறங்கிப் போனது.

மூட்டை குருவிட்டவில் இருந்ததால் அன்றைக்கு மாமாவுக்கு மாற்றிக் கட்டச் சாரம்கூட இல்லை. என்னுடையதைக் கொடுத்தேன். ஷாமிளா போனில் அழுதாள். பிறகு வருகிறேன் என்று சொல்லி மாமா போனை வைத்துவிட்டார். அடுத்த நாட்களில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மேட்டுப் பக்கம் தலையைத் திருப்பவே பயந்தார். என்னிடம் சொன்னார்:

"மூஞ்சிக்கு நேரா போன்னு சொல்லிட்டேன் மூக்கையா. அவரு போகவும் இல்ல. இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஏறுவேன்?"

மிஸ் மேல், சசி மேல், அந்த இரும்பு மேல், எல்லார் மேலும் எனக்கு ஆத்திரம்தான். வெள்ளிக்கிழமை வந்தது. ஏற மாட்டார் என்று நினைத்துக்கொண்டு ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தேன். போத்தலோடு அவர் போவது தெரிந்தது. ஓடிப்போய்க் கையைக் கொடுத்தேன். அன்றைக்கு வழக்கத்தை விட அதிகம் உட்கார்ந்தார்.

மேட்டில், புதிதாக மூடிய மண்ணுக்குப் பக்கத்தில் பீரங்கி முன்னால் உட்கார்ந்தார். சசி போட்ட மாலை காய்ந்து தொங்கியது. அதைக் கழற்றி எறிந்தார். போத்தலைத் திறந்து உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு சும்மா இருந்தார். எண்ணெய் விரலிடுக்கில் வழிந்து சாரத்தில் சொட்டியது.

"நான் சொன்னது உன் காதுல விழுந்துச்சு. இல்லேங்கல" என்றார். "நீயும் போகல. நானும் போகல."

பிறகு எழும்ப முடியாமல், முழங்காலை இழுத்து இழுத்துப் பீரங்கிக்குக் கிட்டப் போனார்.

"சரி, திரும்பு. முதுகத் தேச்சு விடுறேன்."