நார் கிழித்த பல்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். பல்லைப் பற்றிச் சொல்லுங்கள் என்றாள். பூவைப் பற்றிச் சொல்லாமல் என் பல்லைப் பற்றி எப்படிச் சொல்வது?

எண்பதுகளின் தொடக்கம். சங்கரன்கோவில் தேரடிப் பக்கம் நானும் மதினியும், அதாவது என் அண்ணன் பெண்டாட்டியும், பூ கட்டி விற்றோம். விடிந்ததும் பிச்சிப்பூ மூட்டை வந்து இறங்கும். ஊறிய வாழைநாரை முடி மாதிரி மெல்லியதாகக் கிழித்துத்தான் கட்ட வேண்டும். இரண்டு கையிலும் பூ இருக்கும். அதனால் நாரின் நுனியை முன்பல்லில் கடித்து ஒரு பக்கமாக இழுத்துக் கிழிப்போம். மதினி ஒரு முழம் கட்டுவதற்குள் நான் இரண்டு முழம் கட்டிவிடுவேன். அந்தப் பெருமை எனக்கு நிறைய உண்டு.

ஒருநாள் கிணற்று வாளி எகிறி வாயில் அடித்து மேல்வரிசை முன்பல் ஒன்று போயிற்று. செவ்வாய்க்கிழமைதோறும் திருநெல்வேலியிலிருந்து ஒரு பல் டாக்டர் வருவார். அவர் பிரிட்ஜ் போட்டார். விழுந்த பல்லுக்கு இரண்டு பக்கத்துப் பல்லையும் ராவிச் சிறிதாக்கி, மூன்று பல் சேர்ந்தாற்போல் ஒரே உறையாக மேலே ஒட்டினார். இடது பக்கப் பல்லில் நரம்பையும் எடுத்துவிட்டார். பிறகு அங்கே சூடும் தெரியாது, குளிரும் தெரியாது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூசாத பல் கிடைத்திருக்கிறதே என்று நாரையெல்லாம் அதிலேயே கிழித்தேன். உமிக்கரி போட்டுத் தேய்த்தால் ஒட்டு விட்டுவிடும் என்று பயந்து, மற்ற பல்லையெல்லாம் விளக்கிவிட்டு அந்த மூன்றை மட்டும் தொடாமல் விட்டேன். நல்லபடியாகப் பாதுகாப்பதாக நினைப்பு.

நாலாம் வருஷம் அது லேசாக ஆடியது. வலி இல்லை, அதனால் போகவில்லை. ஆறு மாதம் ஆட விட்டேன். கடைசியில் மதினிதான் சொன்னாள்.

"ஏட்டி, இம்புட்டு பிச்சிப்பூவுக்கு நடுவுல உன் வாய்தான் மணக்கு. இன்னைக்கு செவ்வாக்கிழமை, எந்திரிச்சுப் போ."

டாக்டர் விரலால் தொட்டதும் பிரிட்ஜ் கையோடு வந்துவிட்டது. இடது பல் நனைந்த வெல்லக்கட்டி மாதிரிக் கரைந்திருந்தது.

"எதைம்மா கடிச்சிய?"

"நாரு கிழிச்சேன்."

"பக்கவாட்டுல இழுத்து இழுத்து ஒட்டு விட்டுப்போச்சு. அது வழியா எச்சி இறங்கி உள்ள சொத்தையாயிருக்கு. நரம்பு இல்லாத பல்லு, வலிச்சுச் சொல்லாது. ஆடுன அன்னைக்கே வந்திருந்தா திரும்ப ஒட்டியிருப்பேன்."

அந்தப் பல்லைப் பிடுங்க வேண்டும், அதற்கு அடுத்த பல்லையும் பிடித்து இன்னும் நீளமான பிரிட்ஜ் போடலாம் என்றார். வலது பக்கத்துப் பல் நன்றாக இருந்ததால்தான் அதுவும் முடியுமாம். "அந்தப் பல்லும் போச்சுன்னா கழத்தி மாட்டுத செட்டுதான்" என்றார். கழற்றி மாட்டுகிற பல்லால் நாரைப் பிடிக்க முடியுமா? நார் கிழிக்காமல் பூ கட்ட முடியுமா? எனக்கு அது ஒன்றுதான் கவலை.

ஊசி போட்டார். மேலுதடு மரத்து, செருப்பு ரப்பரைத் தொடுவதுபோல் இருந்தது. பல் வந்ததே தெரியவில்லை. வேடிக்கையாக இருந்தது. வழியெல்லாம் உதட்டைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். மறுநாள் முகூர்த்தம், மாலை ஆர்டர் இருந்தது. டாக்டர் கடித்துக்கொள்ளச் சொன்ன பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு நேரே கடையில் உட்கார்ந்தேன்.

நாலைந்து முழம் கட்டியிருப்பேன். மதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மடியில் இருந்த பூவெல்லாம் சிவப்புப் புள்ளி.

"பல்லு பிடுங்குன இடம், கசியத்தான் செய்யும்" என்றேன். வாய் கோணியதால் பாதிதான் வெளியே வந்தது.

"பல்லு இல்லட்டி, உதடு. என்ன செய்யுதன்னு உனக்கே தெரியல, பாரு."

அப்போதுதான் பார்த்தேன். நாரின் ஒரு நுனி என் வாயில் இருந்தது. கை தன்பாட்டில் கொண்டுபோயிருக்கிறது. மிச்சமிருந்த வலது பல்லில் கடித்து இழுத்துக்கொண்டிருக்கிறேன். நார் உதட்டை அறுத்தது தெரியவில்லை. அந்தப் பல் எவ்வளவு ஆடியது என்றும் தெரியவில்லை. மரப்பு விடும்வரை விரலால்கூடத் தொட்டுப் பார்க்கத் துணியாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். மதினி ரத்தம் பட்ட பூவை அள்ளிக் கொட்டிவிட்டு, தன் நாரையும் என் நாரையும் கட்டைவிரல் நகத்தால் கிழித்துக் கிழித்து என் பக்கம் வைத்துக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் மரப்பு விட்டு வலி வந்தது. வலது பல்லை மெல்ல அழுத்தினேன். ஆடவில்லை.

புது பிரிட்ஜ் போட்ட அன்று டாக்டர் நூலின் நுனியை மெழுகில் தோய்த்துக் கொடுத்தார். ஊசிபோல விறைத்துக்கொள்ளும் அந்த நுனியைப் பிரிட்ஜுக்கு அடியில் நுழைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்து அழுக்கெடுக்க வேண்டும். மிருதுவான பிரஷ்ஷால் விளிம்பைத் துலக்க வேண்டும். வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருதரம் காட்ட வேண்டும்.

நகத்தால் நார் கிழிக்க நானும் பழகிக்கொண்டேன். அதன் பிறகு மதினி இரண்டு முழம் கட்டுவதற்குள் நான் ஒரு முழம்தான் கட்டினேன்.

"என்னட்டி, பூ கட்டுதியா, தூங்குதியா?" என்பாள்.

நான் வாயைத் திறக்காமல் சிரிப்பேன். வலது பல் இன்னும் இருக்கிறது.